வாலில்லாத மாயாண்டிக்கு வந்த விலை

பனங்குளத்துக் காட்டில் ஒரு நரியும் ஒரு கொக்கும் கூட்டாளிகள். நரியின் பெயர் கோட்டைச்சாமி. கொக்கின் பெயர் வெள்ளையப்பன். கொக்கு மீன் பிடிக்கும். நரி அதைப் பாறையில் காயவைத்துக் காவல் காக்கும். கருவாட்டை இரண்டும் ஒரே குழியில் போட்டு மூடிவைக்கும். அடைமழையில் குளம் கலங்கிவிட்டால் ஒரு மீன்கூடக் கண்ணில் படாது. அந்த மூன்று மாதமும் நரியின் நாலு குட்டிகளுக்கும் கொக்கின் இரண்டு குஞ்சுகளுக்கும் குழிதான் சோறு. அப்போது குழியில் முந்நூறு கருவாடு இருந்தது. ஆளுக்குப் பாதி.

இரண்டுக்கும் ஒரே பைத்தியம், பழைய சடுகுடு அட்டை. அந்தக் காலத்தில் கரடி கடையில் தேன்மிட்டாய் வாங்கினால் பொட்டலத்துக்கு ஒரு அட்டை இனாம். அதில் காட்டுச் சடுகுடு வீரர் ஒருவரின் படம் இருக்கும். உடும்பு மாயாண்டியின் அட்டை மட்டும் வால் இல்லாமல் அச்சாகிவிட்டது. மாயாண்டி கடைக்கே போய் ஆடிய ஆட்டத்தில், கரடி அவ்வளவையும் கிழித்துப் போட்டது. தப்பியது ஒன்றோ இரண்டோதான். அது கையில் கிடைத்தால் போதும் என்று நரியும் கொக்கும் வருஷக்கணக்காகத் தேடின. காட்டில் வேறு எவருக்கும் இந்தக் கிறுக்கு இல்லை.

அந்த வருஷம் நீர்நாய் செல்லாயி வேறு ஆற்றுக்குக் குடிபோகக் கிளம்பியது. வீட்டுச் சாமான்களை மூட்டை மூட்டையாகக் கட்டி ஏலத்துக்கு வைத்தது. ஏலம் போடுவது மரங்கொத்தி தண்டபாணி. விலை கருவாட்டில்தான். கேட்கிறவர்கள் வாலை ஆட்டலாம், காதை ஆட்டலாம். மூட்டையைச் சுற்றி வந்து பார்க்கலாமே தவிர அவிழ்க்கக் கூடாது.

காலையில் பார்க்கப் போன இரண்டும் ஐந்தாம் மூட்டைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டன. அடியில்லாத சல்லடை, கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு, நசுங்கிய தகரப் பெட்டி. நடுவில் ஒரு அட்டைக் கட்டு. அதிலிருந்து ஒரு அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு உடும்பின் பின்பக்கம் தெரிந்தது. வால் இல்லை.

நரி கொக்கை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனது.

"மாப்ளே, நாம கேட்டா மத்தவங்க முழிச்சிக்குவாங்க. என்னமோ இருக்குன்னு விலையை ஏத்திவிடுவாங்க."

"அப்ப என்ன மச்சான் பண்ண?"

"ரெண்டு பேரும் கேட்கவே வேணாம். இந்தக் குப்பையை யாரு சீண்டப் போறா? சாயங்காலம் செல்லாயிகிட்ட ரெண்டு கருவாட்டைக் கொடுத்து வாங்கிக்குவோம். ஆறு மாசம் உன் வீட்டுல, ஆறு மாசம் என் வீட்டுல."

"சத்தியமா?"

"குட்டிங்க மேல சத்தியமா."

நல்ல யோசனைதான். அதோடு விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இல்லை.

நரி நேரே எருமை ஒச்சாயியிடம் போனது. ஒச்சாயி கொடுத்த வாக்கைத் தவறாது. அதைப் பற்றி அதிகம் யோசிக்கவும் செய்யாது.

"ஒச்சாயிக்கா, அஞ்சாம் மூட்டையை எனக்காக நீ கேளு. என் பேரை மட்டும் வெளியே விட்டுறாதே."

"எதுவரைக்கும் கேட்க?"

"குழி காலியாகிறவரைக்கும்." பாதிக் குழிதான் தன்னுடையது என்பது நரிக்கு நன்றாகவே தெரியும். அவ்வளவு தூரம் எங்கே போகப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டது. ஒச்சாயி, நரிக்கு இடது காது என்று ஞாபகம் வைத்துக்கொண்டது.

நரியின் தலை மறைந்ததும் கொக்கு வந்து எருமையின் முதுகில் உட்கார்ந்தது. அதே மூட்டை, அதே குழி, பேரைச் சொல்லக் கூடாது என்ற அதே பேச்சு.

"வேற யாராச்சும் போட்டிக்கு வந்தா?" என்று கேட்டது ஒச்சாயி.

"யாரா இருந்தாலும் விடாதே அக்கா."

சரி என்று கொக்குக்கு வலது காதை ஒதுக்கியது ஒச்சாயி.

ஏலம் ஐந்தாம் மூட்டைக்கு வந்தது. கொக்கு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, குளத்தில் ஒற்றைக் காலில் நின்றது. நரி நாணலுக்குள் கண்ணை மூடிக் குறட்டை விட்டது. ஒன்றுக்கு ஒன்று சந்தேகம் வரக் கூடாதல்லவா?

"ரெண்டு கருவாடு, யாராச்சும் உண்டா?" என்றது தண்டபாணி.

ஒச்சாயியின் இடது காது ஆடியது. உடனே வலது காதும் ஆடியது. மறுபடி இடது. மறுபடி வலது.

தண்டபாணி பறந்து வந்து மெல்லக் கேட்டது. "ஒச்சாயி, ஈ விரட்டுறியா, ஏலம் கேட்கிறியா?"

"ஏலம்தான்."

"உன்னை நீயே எதிர்த்துக் கேட்கிறியே."

"ரெண்டும் வேற வேற ஆளு. பேரு சொல்லக் கூடாது."

தண்டபாணிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் காது ஆடினால் கேட்டது கேட்டதுதான். கிளைக்குத் திரும்பி விலையைக் கூவ ஆரம்பித்தது. பத்து, நாற்பது, எண்பது.

"யாருப்பா கேட்கிறது?" என்றது முயல்.

"நானும் அதைத்தான் பார்க்கிறேன்" என்றது எறும்புதின்னி.

நாணலுக்குள் நரி குழம்பியது. யார் இந்தப் பாவி? காட்டுப்பூனையா? அது ஊரிலேயே இல்லையே. குளத்தில் கொக்கும் குழம்பியது. கீரியா? அதனிடம் ஏது இத்தனை கருவாடு?

"நூத்தி அறுபது!"

பாதி தாண்டிவிட்டது. நரிக்குக் குட்டிகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. எழுந்து ஒரு வார்த்தை நிறுத்தச் சொன்னால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் கொக்குக்குத் தெரிந்துவிடும். பேசாமல் குறட்டையை உரக்க விட்டது. அங்கே கொக்கும் தன் குஞ்சுகளை நினைத்துக்கொண்டே திரும்பாமல் நின்றது.

"இருநூத்தித் தொண்ணூறு." இது இடது காது. "முந்நூறு." இது வலது காது. அதற்கு மேல் குழியில் இல்லை. இடது காது நின்றுவிட்டது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." தண்டபாணி மரத்தில் மூன்று முறை கொத்தியது. ஜெயித்தோமா தோற்றோமா என்று நரிக்கும் விளங்கவில்லை, கொக்குக்கும் விளங்கவில்லை.

ஒச்சாயி செல்லாயியைக் கூட்டிப் போய்க் குழியைச் சுத்தமாக வழித்துக் கொடுத்தது. பிறகு மூட்டையைக் கொண்டுவந்து கொக்கின் முன்னால் வைத்தது. குழிப் பக்கமிருந்து நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"ஒச்சாயிக்கா, மூட்டை என்கிட்ட வரலையே, அப்ப நான் தோத்துட்டேன்தானே. அப்புறம் ஏன் குழி காலி?"

கொக்கு மெல்லத் திரும்பியது. "நீ எங்கே மச்சான் கேட்டே, தோக்குறதுக்கு?"

நரி மூட்டையைப் பார்த்தது. கொக்கைப் பார்த்தது. "நீயுமா மாப்ளே?"

கொக்கு கேட்டது. "நம்ம ரெண்டு பேரையும் எதிர்த்துக் கேட்டவன் யாரு?"

"எவனும் இல்லை. இடது காது நரி, வலது காது நீ" என்றது தண்டபாணி. "வேற ஒருத்தரும் அந்தக் குப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை."

இரண்டும் செல்லாயியின் பின்னால் ஓடின. "எனக்கும் அஞ்சு பிள்ளைங்க இருக்கு. ஏலம் ஏலம்தான்" என்று சொல்லிவிட்டு அது கிளம்பிப் போயிற்று. அட்டையை விற்றாவது கருவாடு தேற்றலாம் என்று முயலிடம் காட்டினால், "இது என்ன, வால் அறுந்த பல்லியா?" என்றது.

தூறல் விழ ஆரம்பித்தது. கொக்குக்கு அட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "நீயே வச்சுக்கோ" என்று நரியிடம் போட்டுவிட்டுக் கலங்கிய தண்ணீரில் இறங்கியது.

நரி அட்டையைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் போனது. நாலு குட்டிகளும் வாசலுக்கு ஓடி வந்தன. கடைசிக் குட்டி அட்டையை முகர்ந்து பார்த்தது. "அப்பா, இது கருவாடு இல்லையே" என்றது.

கூட்டாளியை ஏமாற்றத் திட்டம் போடுகிறவன், கடைசியில் தன்னைத்தானே எதிர்த்து ஏலம் கேட்கிறான்.