மைனா சூட்டிய பெயர்கள்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், குழந்தைகளே, வாய் ஓயாத மைனா ஒன்று இருந்தது. புதுப்புது வார்த்தைகளை உண்டாக்குவதில் அதற்குக் கொள்ளை ஆசை. யாரைப் பார்த்தாலும் பொருத்தமாக ஒரு பெயர் அதன் அலகு நுனியில் வந்து நிற்கும்.

தானே பேசித் தானே சிரித்துக்கொள்ளும் கழுதைப்புலிக்கு 'தனிச்சிரிப்பான்' என்று பெயர் வைத்தது. கழுதைப்புலிக்கு அது மிகவும் பிடித்துப்போய், போகிற இடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டது.

தேவாங்கைக் கூப்பிட்டால், "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் மட்டும் வரும், ஆள் வராது. அதற்கு 'இதோவந்தான்' என்று பெயர் விழுந்தது. மாமரம் காய்க்கும்போது மட்டும் அணிலைத் தேடி வரும் குரங்கின் நட்புக்குப் பெயர் 'மாம்பழச் சிநேகம்'.

காடு முழுவதும் இந்த வார்த்தைகள்தான். தேவாங்கு மட்டும் பதில் குரல் கொடுப்பதையும் விட்டுவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அணிலுக்கு உள்ளுக்குள் கோபம். குரங்கைத் தன் உயிர்த்தோழன் என்று அது நம்பியிருந்தது. ஒருநாள் எல்லா விலங்குகளும் ஆற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எருமையின் முதுகில் மைனா உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதை அணில் பார்த்தது.

"எனக்கும் ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. இது உண்ணிச் சிநேகம். உண்ணி இருக்கும்வரை உறவு" என்றது அணில்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எருமை சிரிக்கவில்லை. கரையேறிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் மைனா தேடிப் போனபோது, எருமை மூக்கு வரை சேற்றில் கிடந்தது. மரங்களில் உரசி, சேற்றில் புரண்டு, உடம்பிலிருந்த உண்ணிகளையெல்லாம் ஒழித்திருந்தது.

"என் மேல் இனி ஓர் உண்ணியும் இல்லை. நீ வேறு முதுகு பார்த்துக்கொள்" என்றது எருமை.

மைனா சட்டென்று பறந்து போனது. எருமை கண்ணை மூடிக்கொண்டது. சிறிது நேரத்தில் அதன் கொம்பில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால், மைனாதான்.

"புல்வெளியில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றேன். வயிறு நிறைந்துவிட்டது."

"பிறகு ஏன் இங்கே வந்தாய்?"

"நேற்று நரி ஓடையில் வழுக்கி விழுந்ததே, அதை உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கேட்டுச் சிரித்தால்தான் எனக்குக் கதை சொன்ன மாதிரி இருக்கும்."

மைனா நரியைப் போலவே நடந்து, வழுக்கிக் காட்டியது. எருமை சிரித்த சிரிப்பில் அதன் நெற்றியில் காய்ந்திருந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது.

சிரித்து ஓய்ந்ததும், அந்த வார்த்தை ரொம்ப வலித்ததா என்று மைனா தயங்கித் தயங்கிக் கேட்டது.

"வலித்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால் கூடுதலாகவே வலித்தது" என்றது எருமை.

தான் வைத்த பெயர்களும் மற்றவர்களுக்கு இப்படித்தான் வலித்திருக்கும் என்று மைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேராக அணிலிடம் போய் மன்னிப்புக் கேட்டது. அங்கிருந்து தேவாங்கின் மரத்துக்குப் பறந்தது.

தேவாங்கு மெல்லத் தலையை உயர்த்தியது. "நீங்கள் கூப்பிட்டதும் நான் கிளம்பாமல் இருந்ததே இல்லை. கிளை கிளையாகப் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் நீங்கள்தான் கலைந்து போய்விடுவீர்கள்" என்றது.

மைனா வெட்கத்தால் இறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்று மாலையே எல்லோரையும் அந்த மரத்தடிக்கு அழைத்து வந்தது.

வார்த்தை உண்டாக்குவதை மைனா விட்டுவிடவில்லை. ஆனால், அதை முதலில் உரியவர் காதில் சொல்லும். அவர் சிரித்தால்தான் காட்டுக்குச் சொல்லும். அன்றே தேவாங்கின் காதில் ஒரு புதுப் பெயரைச் சொன்னது. தேவாங்கின் முகத்தில் சிரிப்பு மெதுவாக, மிக மெதுவாகப் பரவியது. அது சிரித்து முடிக்கும்வரை காடே காத்திருந்தது.

நீதி: பெயர் வாங்கியவரும் சேர்ந்து சிரித்தால்தான் அது வேடிக்கை.