தொண்ணூறு கிராம் சாக்கு

ஒரு சந்தையூரில் தங்கப்பழம் அண்ணாச்சியின் மளிகைக் கடை இருந்தது. கடையின் முகப்பில் ஒரு தட்டுத் தராசு தொங்கியது. பித்தளைத் தட்டு இரண்டு, நடுவில் ஒரு முள். அது அதிகம் பேசாது. முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் பொறுத்துத்தான் சரி என்று காட்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அதன் மேல் ஒருவரும் குறை சொன்னதில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையாக எது வந்தாலும் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். சின்னச் சாக்கு என்றால் தொண்ணூறு கிராம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சாக்கை உலையில் போட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில், பேருந்து நிலையத்திலிருந்து ஒரு ஏட்டும் ஒரு காவலரும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். காவலர் கையில் ஒரு சின்னச் சாக்கு இருந்தது. காவல் நிலையத்தில் தராசு கிடையாது. எடைபோட வேண்டி வந்தால் அண்ணாச்சி கடைக்குத்தான் வருவார்கள்.

பிடிபட்டவன் இருளப்பன். சந்தையில் சுமை தூக்குகிறவன். அண்ணாச்சி கடைக்கும் எட்டு வருஷமாக மூட்டை இறக்குகிறான். பேருந்தில் ஏற்றிவிடச் சொல்லி யாரோ கொடுத்த சாக்கு அது. உள்ளே கஞ்சா இருப்பது தனக்குத் தெரியாது என்று அவன் சொல்லவில்லை. வீட்டில் மனைவி ராக்குவுக்கு ஏழாம் மாதம் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

ஏட்டு கெட்டவர் இல்லை. விஷயத்தை அவனுக்கு விளக்கினார்.

“கிலோவுக்குக் கொறஞ்சா கூடிப்போனா ஒரு வருஷம்டா. தாண்டிச்சுன்னா பத்து வருஷம் வரைக்கும் இழுக்கும். உன் நல்ல நேரம் எப்படியோ பாப்போம்.”

சாக்கைத் தட்டில் வைத்தார்கள். எதிர்த் தட்டில் ஒரு கிலோ கல்லை வைத்தார் அண்ணாச்சி.

சாக்குக்குள்ளே, கட்டிய நாளிலிருந்தே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மேலே பூ இருந்தது. பிசுபிசுப்பும் வாசனையுமாக, தான்தான் முதல் தரம் என்றும், பொட்டலம் மடிக்கிறவன் தன்னைத்தான் நுனிவிரலால் கிள்ளி எடுப்பான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. இலை தன்னை இரண்டாம் தரம் என்றது. அடியில் கிடந்த தண்டைப் பார்த்து இரண்டும் சிரித்தன.

தண்டுக்குத் தரமே கிடையாது. மூட்டை கட்டியவன் எடை கூட்டுவதற்காக அதை வெட்டி அடியில் திணித்திருந்தான். விதையையும் அதற்காகத்தான் உதிர்க்காமல் விட்டான். தண்ணீரையும் அவன்தான் தெளித்தான். வாங்குகிறவனை ஏமாற்றச் செய்தது.

தராசு எல்லாரையும் தன் தட்டில் உணர்ந்தது. பூ இருநூற்று நாற்பது. இலை இருநூற்றுப் பத்து. தண்டு முந்நூற்று முப்பது. விதை எண்பது. தண்ணீர் நூற்றுப் பத்து. சாக்கு, அதற்குப் பழகிய அந்தத் தொண்ணூறு. தட்டு மெல்லக் கீழே இறங்கியது. ஒரு கிலோ கல் மேலே எழும்பியது.

தராசு வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தது.

“அறுபது கிராம்தான் கூடுதல். உங்களில் யாராவது ஒருவர் இறங்கினால் போதும். அந்த ஆள் ஒரு வருஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவான்.”

“நான் ஏன் இறங்க வேண்டும்?” என்றது பூ. “என்னைத் தேடித்தானே இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்.”

“பூ இருக்கும் இடத்தில்தான் நானும் இருப்பேன்” என்றது இலை.

விதை தூங்கிக்கொண்டிருந்தது.

தராசு தண்டிடம் கெஞ்சியது. “உன்னை யாரும் புகைக்கப் போவதில்லை. நீயாவது சரிந்து கீழே விழு.”

தண்டு இன்னும் நிமிர்ந்துகொண்டது. “இன்றைக்குத்தான் பூவுக்குச் சமமாக ஒரு தட்டில் நிற்கிறேன். இன்னும் சொல்லப் போனால் பூவை விடக் கூடுதல். இன்றைக்கா என்னை இறங்கச் சொல்கிறாய்?”

“எப்படியும் நான் நாலு நாளில் காய்ந்து போய்விடுவேன்” என்றது தண்ணீர். “அவ்வளவு அவசரம் என்ன?”

கடைசியாகத் தராசு சாக்கைப் பார்த்தது. சாக்கு கவலைப்படவே இல்லை. “எனக்கென்ன, என்னைத்தான் அண்ணாச்சி கழித்துவிடுவாரே.”

தராசுக்கு மூச்சு வந்தது. ஆமாம், சாக்கைக் கழித்தால் தொள்ளாயிரத்து எழுபது.

அண்ணாச்சி ஐம்பது கிராம் கல்லை வைத்தார். பிறகு பத்து கிராம் கல்லை. முள் நடுவில் வந்து நின்றது.

“ஆயிரத்து அறுபது” என்றார். வாய்ப் பழக்கத்தில், “சாக்குக்குத் தொண்ணூறு...” என்று தொடங்கினார்.

“நாம என்ன துவரம்பருப்பா வாங்குறோம் அண்ணாச்சி?” என்று ஏட்டு சிரித்தார். “இருக்கிறபடி சொல்லுங்க, எழுதிட்டுப் போறேன். நேரமாச்சு.”

இருளப்பன் அண்ணாச்சியைப் பார்த்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சாக்கின் எடை தெரியும். எட்டு வருஷம் அந்தக் கழிவைக் கேட்டுக்கொண்டே மூட்டை இறக்கியவன். அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்க்காமல் எடைக்கற்களை அடுக்கினார். நாளைக்கும் கடை திறக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

தாளில் ‘கஞ்சா, 1 கிலோ 60 கிராம்’ என்று இருந்தது. பூ எட்டிப் பார்த்து, தரம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டது. அந்தத் தாளில் தரத்துக்கு இடமே இல்லை.

சொன்னபடி நாலு நாளில் தண்ணீர் போய்விட்டது. ஒன்பது மாதம் கழித்து நீதிமன்றத்தில் வேறொரு தராசில் வைத்தபோது அதே சாக்கு தொள்ளாயிரத்து ஐம்பதுதான் இருந்தது. இருளப்பனின் வக்கீல் எழுந்து கேட்டார். ஈரமாக இருந்தது, காய்ந்துவிட்டது என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அது உண்மையும்கூட. தாளில் ஏறிய தண்ணீர் மட்டும் காயவில்லை. ஐந்து வருஷம் என்று தீர்ப்பானது. ஏமாற்றத் தெளித்தவனை யாரும் தேடவில்லை.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து, ராக்கு ஒரு சின்னச் சாக்கில் வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நடந்து வந்தது. அப்பாவைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு முறை பார்த்திருக்கிறது.

அண்ணாச்சி குழந்தையின் கையில் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்தார். சாக்கைத் தட்டில் வைத்துக் கற்களை அடுக்கினார். நாலு கிலோ முந்நூறு. எழுதப் போனவரின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

“சாக்குக்குத் தொண்ணூறு கழிவு.”

சொன்ன பிறகு அவர் கை நின்றது.

ராக்குவுக்கு ஒன்றும் தெரியாது. அன்று அவள் அந்த இடத்தில் இல்லை.

“கழிச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள். “அதானே நியாயம்.”

முள் ஆடத் தொடங்கியது. காற்றே இல்லை, யாரும் தட்டைத் தொடவும் இல்லை. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. ராக்கு பொறுமையாக நின்றாள். குழந்தை மிட்டாயை மறந்து முள்ளையே பார்த்தது.

இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அண்ணாச்சி முள்ளை விரலால் பிடித்து நிறுத்தினார்.