முள் நிற்கும் இடம்

ஆசிரமத்துக்குள் மாசிலாமணி ஸ்கூட்டரை நிறுத்தியபோது அவர் சட்டைப்பையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தது.

சாமி கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். சீடரான மாசிலாமணியைவிட வயதில் இளையவர்.

"சாமி, கிரியாட்டினின் இறங்கிடுச்சு. ரெண்டு புள்ளி ஒண்ணு இருந்தது. இப்ப ஒண்ணு புள்ளி எட்டு."

"அது என்னங்க?"

"உடம்போட கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளணும். அது சோர்ந்துபோனா கழிவு ரத்தத்திலேயே தங்கிடும். எண் ஏறும்."

"எப்படி இறங்குச்சு?"

மாசிலாமணி குரலைத் தணித்துக்கொண்டார். "டெஸ்டுக்கு முன்னால ஒரு வாரம் கறி தொடலை. காலையில வயிறு முட்டத் தண்ணி. அப்புறம், வேற லேப்."

"டாக்டர் சந்தோஷப்பட்டாரா?"

"இல்லை. ஒரு எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது, மாசக்கணக்கா எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்னார். சிறுநீரகம் பாதிக்கும் குறைவாத்தான் வேலை செய்யுதாம். கவனமா இருந்தா அதுவே பல வருஷம் ஓடலாமாம்."

"ஒட்டன்சத்திரம் போனீங்களா?"

அங்கேதான் மாசிலாமணியின் மகள் கயல்விழி இருந்தாள். அவர் சம்மதமில்லாமல் மணந்துகொண்டு போனவள். வருடக்கணக்காக அவளை அவர் பார்க்கவில்லை. தை பிறந்ததிலிருந்து அவளே ஃபோன் செய்து, "வாங்கப்பா" என்கிறாள். அவள் வைத்த பிறகும் அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுப்பதில்லை.

"நோயாளியா அவ வாசல்ல போய் நிக்க மாட்டேன் சாமி. எண் பழையபடி ஒண்ணுக்கு வரட்டும். அப்புறம் போறேன்."

சாமி ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். ஸ்கூட்டரின் சாவியைத் திருப்பினார். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே நின்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் முன்சக்கரத்தை வாசல்படியில் ஏற்றினார். முள் மெல்ல மேலே நகர்ந்தது.

"பாருங்க. பெட்ரோல் ஏறிடுச்சு."

"கேலி பண்றீங்க."

"நீங்க லேப்பை மாத்துனீங்க. நான் வண்டி நிக்கிற இடத்தைத்தானே மாத்துனேன்."

சக்கரத்தைக் கீழே இறக்கினார். முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மாசிலாமணி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கொடியில் போட்ட துணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாதிக்கும் கீழ நிக்குது சாமி," என்றார் கடைசியில். "இதை வச்சு எவ்வளவு தூரம் போக முடியும்?"

சாமி சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒட்டன்சத்திரம் போகலாம்."