பலாச்சுளைக் கருவிக்கு இரண்டு ஆட்சேபணை

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் விற்கும் அஞ்சலாட்சி, கையில் பிசின் ஒட்டாமல் சுளை எடுக்க ஒரு கருவி செய்தாள். எவனாவது பார்த்துச் செய்வதற்குள் காப்புரிமை வாங்கிவிடலாம் என்று கிளம்பியதுதான் வினை. மனு போட ஒரு கட்டணம், போட்ட மனுவைப் பிரித்துப் பார்க்க இன்னொரு கட்டணம். மூன்று வருஷம் கழித்து வந்ததோ ஆட்சேபணைக் கடிதம்.

"ரெண்டு ஆட்சேபணைம்மா. ஒரு பதிலுக்கு எட்டாயிரம்," என்றார் அவளுக்கு மனு போட்டுக் கொடுத்த காப்புரிமை ஏஜென்ட் தணிகாசலம்.

கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள், "நானே பேசிக்கிறேன். நீங்க சும்மா கூட வாங்க," என்றாள்.

காப்புரிமை அலுவலக விசாரணையில், கடிதம் அனுப்பிய அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒண்ணு, பழம் வெட்டுற எவனுக்கும் இது தானாத் தோணும். ரெண்டு, நீ எழுதிக் குடுத்ததைப் படிச்சா பழம் வெட்டுறவனாலகூட இதைச் செய்ய முடியாது. இப்பவே பதில் சொல்லு. இல்லேன்னா மனு தள்ளுபடி."

"பழம் வெட்டுறவனாலகூட செய்ய முடியாதுன்னா, இது எவனுக்கும் தோணுற சாமான் இல்லீங்க. எவனுக்கும் தோணும்னா, இதுக்கு மேல நான் என்னத்தை விளக்கி எழுதறது? ஒண்ணுக்கு ஒண்ணு நீங்களே பதில் எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து இரண்டையும் அடித்தார்.

வாசலுக்கு வந்ததும் தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "கேஸ் என் பேர்லதானே இருக்கு. ரெண்டு பதிலுக்குப் பதினாறாயிரம்மா."

"பதில் எழுதினவர் உள்ளதான் உக்காந்திருக்காரு," என்றாள் அஞ்சலாட்சி. "போய்க் கேளுங்க."