பழைய டிஸ்க்கின் கேபிள்

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது மரியபுஷ்பத்தின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அதை ஆசிரமம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி என்றால் மரியபுஷ்பத்துக்கு அவ்வளவு பயம். வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்தவர் குழந்தைசாமி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மரியபுஷ்பத்தைவிடப் பல வருஷம் மூத்தவர். ஆனாலும் முதல் நாளே "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் பெயர்ப் பலகையைத் தவிர எல்லா இடத்திலும் அவர் டீச்சர் ஆகிவிட்டார்.

ஆயுள் முழுக்கக் கம்பியோடு பழகிய கை. குழந்தைசாமி வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வந்த வினையே அதுதான்.

ஒருநாள் ஃபிளெக்ஸ் பேனர் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, இரண்டாவதாக இன்னொன்று போட வேண்டும். குழந்தைசாமி பெட்டியைத் திறந்தார். பழைய டிஸ்க்குக்குக் கீழே இருந்த காலி இடத்தில் புதியதை நுழைத்தார். ஸ்க்ரூக்களை முடுக்கி, கேபிள்களைச் செருகினார். மெஷினைப் போட்டு, மவுஸைப் பிடித்தார்.

"பழசோட கேபிளைக் கழட்டுனீங்களாண்ணே?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லைங்க டீச்சர்."

"கழட்டுங்க."

அந்தக் கடையின் வழக்கம் அது. புதிய டிஸ்க்கை ஃபார்மேட் செய்வதற்கு முன் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். கடையின் பென் டிரைவை வைத்து மெஷினைக் கிளப்பி, புதியதை மட்டும் ஃபார்மேட் செய்ய வேண்டும். அது முடிந்த பிறகே பழையதை மறுபடி செருகலாம். ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவது. பழையதைத் துடைத்துவிட்டால் போனது போனதுதான்.

குழந்தைசாமி மவுஸை விட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?"

"கேளுங்க."

"திரையில ரெண்டு டிஸ்க்கும் தெரியுது. பழசுல நெறைய இருக்கு. புதுசு காலியாக் கெடக்கு. கண்ணு தெரியுற எவனும் மாத்திப் பண்ண மாட்டான். அப்புறம் எதுக்கு இந்தக் கழட்டி மாட்டுற வேலை?"

டீச்சர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"போஸ்ட்ல ஏறுறப்ப ஃபியூஸை என்ன பண்ணுவீங்க?"

"பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன்."

"பிடுங்கிக் கீழயே வெச்சிட்டுப் போகலாமே?"

"நல்லாக் கேட்டீங்க! எவனாவது வந்து மாட்டிட்டான்னா? நான் மேல தொங்க வேண்டியதுதான்."

"அதேதாண்ணே."

குழந்தைசாமி சிரித்துவிட்டார். "அது உசுருங்க டீச்சர். இது பேனர். எவனோ ஒருத்தன் பொறந்த நாளு, எவனோ ஒருத்தன் காதுகுத்து. போனாத்தான் என்ன?"

டீச்சர் பேனர் கடைக் கம்ப்யூட்டரை அணைத்து, ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இன்னொரு டிஸ்க் போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே. அதை எடுத்துட்டு வாங்க. இது காத்திருக்கட்டும்."

"இப்பவா?"

"ஆமா, இப்பத்தான்."

குழந்தைசாமி ஆட்டோவில் போய் எடுத்து வந்தார். வரும் வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தார் என்று ஆட்டோக்காரர் பிறகு சொன்னார்.

அந்தப் பெட்டிக்குள் அவர் மனைவி ஜெகதாவின் குரல் இருந்தது. ஜெகதா நன்றாகப் பாடுவார். மாவாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் பாடுவார். குழந்தைசாமி பின்னால் நின்று செல்போனில் பதிவு செய்து, இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார். பாட்டு முடியும் இடத்தில், "இன்னும் நிறுத்தலையா நீங்க? வேற சோலியே இல்லையா?" என்று ஒரு திட்டு விழும். அதோடு பதிவு முடியும்.

பிறகு ஜெகதாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், குரல் போய்விட்டது. இப்போது கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். குழந்தைசாமிக்குப் பாட்டைவிட அந்தத் திட்டுதான் அதிகம் வேண்டியிருந்தது. தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் கேட்பார். பழைய செல்போன் எப்போதோ உடைந்துவிட்டது. வேறு பிரதியும் கிடையாது. இதையெல்லாம் அவர் கடையில் ஒருநாளும் பேசியதில்லை.

டீச்சர் அலமாரியிலிருந்து புதிய டிஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குழந்தைசாமி பெட்டியைத் திறந்து, அதைப் பொருத்தினார். கேபிள்களைச் செருகினார். பிறகு பழைய டிஸ்க்கின் கேபிள் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அதைக் கழட்ட வேணாம்ணே" என்றார் டீச்சர்.

"டீச்சர்?"

"உங்களுக்குத்தான் எது எதுன்னு தெரியுமே. அப்படியே செய்யுங்க."

குழந்தைசாமி மெஷினைப் போட்டார். திரையில் இரண்டு வரிசைகள் வந்தன. ஒன்றில் நிறைய இருந்தது. மற்றது காலியாகக் கிடந்தது. எது பழையது, எது புதியது என்பதில் குழப்பமே இல்லை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மவுஸைக் காலியான வரிசைக்கு நகர்த்தினார். சரிதானா என்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சரிதான்.

"ஃபார்மேட் கொடுங்க" என்றார் டீச்சர்.

"கொடுக்கிறேன்."

கொடுக்கவில்லை. விரல் மவுஸின் மேலேயே இருந்தது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் பட்டென்று கையை எடுத்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்திருந்தது. கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட இந்தக் கை இப்படி வேர்த்ததில்லை.

"என்னண்ணே, சந்தேகமா?"

"சந்தேகம் இல்லைங்க. இதுதான் புதுசு."

"அப்புறம் என்ன?"

குழந்தைசாமி மெஷினை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினார். அதுவும் போதவில்லை. ஸ்க்ரூக்களை எடுத்து, டிஸ்க்கையே வெளியே உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய், பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்தார்.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. புதிய டிஸ்க் மட்டும் இருந்த பெட்டியில், பென் டிரைவை வைத்து ஃபார்மேட் முடிந்தது. குழந்தைசாமி பழையதைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் புதியதிலும் பிரதி எடுத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு புதிய டிஸ்க்கிலிருந்து ஒரு பதிவைப் போட்டார். பாட்டு முழுவதையும் கேட்டார். கடைசித் திட்டும் விழுந்தது. முகத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் திரும்பினார்.

ஓரத்தில் பேனர் கடைக் கம்ப்யூட்டர் அப்படியே இருந்தது. அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். திறந்தார். யாரும் சொல்லாமலே பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடித்துக் கழற்றினார். கழற்றிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டே டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"என் டிஸ்க்குல என்ன இருக்குன்னு நான் உங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் பிரஷ்ஷை எடுத்து ஒரு ஃபேனின் தூசியைத் தட்ட ஆரம்பித்திருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு எங்கண்ணே தெரியும்? நீங்க இப்பக் கேபிளைக் கழட்டிக் கையில வெச்சிருக்கீங்களே, அந்தப் பேனர் கடை டிஸ்க்குல என்ன இருக்குன்னும்தான் எனக்குத் தெரியாது."