ஜீப்பில் தொங்கிய எலுமிச்சம்பழம்

பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்த்துவருவது செண்பகவல்லியின் வேலை. அந்த வேலையையே நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார் திட்ட அதிகாரி ஞானசிகாமணி.

"இதால பலன் உண்டுன்னு ஆராய்ச்சி ஆதாரம் எங்கம்மா?"

அலைந்து தேடிவைத்திருந்த ஆய்வுகளை நீட்டினாள். அவர் புரட்டக்கூட இல்லை.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்க. உங்க ஊர் ஆதாரம் எங்கே?"

"நான் வீடு வீடாப் போக ஆரம்பிச்சதிலிருந்து இங்க ஒரு பச்சப்புள்ளையும் தவறலை சார்."

"அதான் தவறலையே, அப்புறம் நீ எதுக்கு?"

கூடியிருந்த தாய்மார் முணுமுணுத்தார்கள். செண்பகவல்லி ஜீப்பின் முகப்பைக் காட்டினாள்.

"அந்த எலுமிச்சம்பழம் எதுக்கு சார்?"

"விபத்து வராம இருக்க. கட்டினதிலிருந்து ஒரு கீறல்கூட விழலை."

"அதான் விழலையே, அவுத்து எறிஞ்சிடலாமே சார்?"

டிரைவரே சிரித்துவிட்டார். ஆனால் ஊர் சிரித்தால் உத்தரவு நிற்குமா? மறுநாளே அவள் வேலை போயிற்று.

ஆடி மாதம் மேலத்தெருவில் பிறந்த குழந்தை ஒன்று காய்ச்சலில் போய்விட்டது. விசாரிக்க ஜீப் வந்தது, புது எலுமிச்சம்பழத்தோடு. செண்பகவல்லி அந்த வீட்டு வாசலிலேயே எதிர்கொண்டாள்.

"நீங்க கேட்ட எங்க ஊர் ஆதாரம் உள்ளே கிடத்தியிருக்கு சார். வந்து பாருங்க."