நீர் இறங்க வேண்டும்

காய்ந்த பனையோலைக் கட்டை யாரோ உதறியது போல ஓர் ஓசை. அந்த ஏரிக்கரை மடத்துக்கு வந்த புதிதில் மாசிலாமணி கேட்டது. சேற்றிலிருந்து உள்ளான் குருவிகள் கூட்டமாக எழும்பிய ஓசை.

பிறகு ஏரி கெட்டது. எங்கிருந்தோ வந்த மீன் ஊர் மீனைத் தின்றது. ஆகாயத்தாமரை தண்ணீரை மூடியது. உள்ளான்கள் போய்விட்டன.

அவற்றைத் திரும்ப வரவழைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்றிருந்தார் மாசிலாமணி. மடத்தில் மூத்த சீடர் அவர்தான். ஆகாயத்தாமரையை வாரி எறிந்தார். விராலும் கெண்டையும் கொண்டுவந்து விட்டார். கரையை உயர்த்தி, மதகை அடைத்து, தண்ணீரைத் தேக்கினார். காலையும் மாலையும் அளவுகல்லைப் பார்ப்பார். நீர்மட்டம் ஒரு விரல் குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

ஏரி கடல் போலக் கிடந்தது. வழிப்போக்கர்கள் நின்று, இதைச் செய்த மகராசன் யார் என்று கேட்டுப் போனார்கள்.

உள்ளான் ஒன்றுகூட வரவில்லை.

மடத்துத் தலைவி செங்கமலத்தாய் அவரைவிட இளையவள். அவரை 'நீர்', 'உமக்கு' என்று மரியாதையாகத்தான் பேசுவாள். அவளிடம் போய் முறையிட்டார்.

"நீர் இறங்க வேண்டும்," என்றாள்.

அவர் தலைகுனிந்து திரும்பினார். அன்றே இறங்கத் தொடங்கினார். பாயை விட்டு வெறுந்தரையில் படுத்தார். ஒருவேளை மட்டும் உண்டார். எல்லோரும் உண்டு எழுந்தபின் எச்சில் இலை எடுத்தார். சாமி இன்னும் இறங்கினால் கிணற்றுக்குள்தான் தேட வேண்டும் என்றான் சமையல்காரன்.

ஒரு வருடம் போயிற்று. மாசிலாமணி மூட்டையைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தார்.

"களைத்துவிட்டேன், தாயே. நீங்கள் சொன்னபடி இறங்கிப் பார்த்தேன். இனி இறங்க இடமில்லை."

செங்கமலத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உம்மை யார் இறங்கச் சொன்னது?"

"நீங்கள்தானே. நீர் இறங்க வேண்டும் என்று."

அவள் சிரிக்கவில்லை. ஏரியின் பக்கம் கையை நீட்டினாள்.

"உள்ளானுக்குக் கால் ஒரு விரல் நீளம். உம்முடைய கடலில் அது எங்கே நிற்கும்?"

தண்ணீர் அளவுகல்லின் உச்சியில் தளும்பிக்கொண்டிருந்தது. மாசிலாமணி வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அப்படியானால், இந்த ஒரு வருடம் நான் இறங்கியது?"

"யார் இறங்கியது?" என்றாள்.

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். மதகுக்குப் போய், அடைத்த பலகையைத் தம் கையாலேயே தூக்கினார்.

கரையோரம் மெல்லச் சேறு தெரிந்தது. நல்ல ஏரியைக் கெடுத்த கிழவன் என்று வழிப்போக்கர்கள் ஏசினார்கள். அவர் மதகை மறுபடி அடைக்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் உள்ளான்கள் இறங்கின.

செங்கமலத்தாய்க்குப் பின் மடத்தின் தலைமை வேறொருவருக்குப் போனது. மாசிலாமணி கடைசிவரை மதகு பார்ப்பவராகவே இருந்து இறந்தார்.